திரையில் ஒட்டிய பொட்டு

ஊசிக்காட்டுவிளையில் எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும் என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஆனால் அந்தக் காற்றில் என்னவெல்லாம் வரும் என்று கேட்டால் பெரியவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள், ஏனென்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே கணவாய் வழியாக நுழைந்து, ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு வருகிற அந்தக் காற்று, அடுத்த ஊர்க் கல்யாண வீட்டுச் சாம்பார் வாசனையையும், யாரோ எங்கோ காயப்போட்ட சேலையையும், ஒரு தடவை ஞானஸ்நான வீட்டுப் பந்தல் ஒன்றை அதில் கட்டிய பலூன்களோடு முழுசாகவும் கொண்டுவந்து போட்டிருக்கிறது. அதனால் சுயம்புக்கனியின் கம்ப்யூட்டரில் ப்ளூடூத் போட்ட அன்றைக்கு, அதில் ஹெட்செட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் மனிதர்களின் பெயர் வந்தபோது, ஊரில் ஒருவரும் வாயில் கைவைக்கவில்லை. காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது, வரத்தான் செய்யும் என்றார்கள்.

சுயம்புக்கனி பி.காம். முடித்துவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோவில் நோட்டீஸ், பூப்புனித நீராட்டு அழைப்பு என்று வந்ததையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடம் 'உக்காருங்க' என்பதைக்கூட வாயால் சொல்லாமல் நாற்காலியை நகர்த்தித்தான் சொல்வாள். அவளுடைய பேச்சு மொத்தமும் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது அடுத்த வீட்டு மரகதவல்லி. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மதில்தான், அதுவும் எட்டிப் பார்த்தால் தலை தெரிகிற உயரம்.

மத்தியானம் கனியின் அம்மா அங்கன்வாடி வேலையில் இருக்கும் நேரத்தில், மரகதவல்லி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு வருவாள். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும். இயர்போனின் இடது பக்கம் கனியின் காதில், வலது பக்கம் மரகதவல்லியின் காதில். வயர் நீளம் போதாது, அதனால் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, தலையோடு தலை சாய்த்துத்தான் கேட்க வேண்டும். மரகதவல்லியின் தலையிலிருந்த கனகாம்பரத்தின் ஒரு இதழ் சில நாள் கனியின் முடியில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். அந்த வயர் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்திருக்கலாம் என்று கனி நினைத்ததுண்டு; சொன்னதில்லை.

வைகாசி பிறந்ததும் ஷைனி வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, காற்றாலைக் கம்பெனியின் சைட் ஆபீசில் வேலை, மரகதவல்லி வீட்டு மாடியறையில் குடியேறினாள். மூன்று பெட்டியும் ஒரு மரச்சீனிக் கிழங்கு மூட்டையும் கொண்டுவந்தாள். எல்லோரையும் முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். காதில் வயரில்லாத இயர்பட்ஸ் வைத்திருந்தாள், முத்து மாதிரி வெள்ளையாக, ஒரு சின்ன டப்பாவில்.

அதே மாதத்தில்தான் கனியின் இயர்போன் வயரை எலி கடித்தது. புதுசு வாங்கிவிடலாம் என்று கனி மதிலோரம் போய்ச் சொன்னபோது, மரகதவல்லி கைநிறைய ஊக்கு வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குட்டி இனிமே வயரு? ஷைனிகிட்ட இருக்கத பாத்தியா? ஒண்ணு அவ காதுல, ஒண்ணு என் காதுல. அவ மாடியில துணி மடக்குதா, நான் கீழ பட்டன் தைக்கேன், ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு. வயருங்கது பெரிய சள்ளை பிடிச்ச சாமான்லா."

கனிக்குச் சட்டைக்குள் பல்லி விழுந்தது போல இருந்தது. வயர் சள்ளையா? அந்தக் குட்டை வயருக்குள்தானே இத்தனை வருஷமும் இருவரும் இருந்தார்கள்.

"என் கம்ப்யூட்டருக்கும் வயரில்லாதது வாங்கப் போறேன்," என்றாள்.

"உன் டப்பாவுல ப்ளூடூத் உண்டுமா மொதல்ல? ஷைனிய வந்து பாக்கச் சொல்லட்டா? அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி."

"வேண்டாம். எனக்கே தெரியும்."

தெரியாது. ஆனால் அந்த ராத்திரிக்குள் தெரிந்துகொண்டாள். கடிகாரம் ஓடுகிற மூலையில் நீல நிறத்தில் சின்னக் குறி இருக்கிறதா என்று தேடினாள்; இல்லை. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். ப்ளூடூத் என்ற வார்த்தையே அங்கே இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் விரல் வைத்து வாசித்தாள். கீபோர்டு இருந்தது, பிரிண்டர் இருந்தது, என்றைக்கோ செத்துப்போன ஸ்கேனர்கூடப் பெயரளவில் இருந்தது, இது மட்டும் இல்லை. மறுநாள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினாள். கடைக்காரர் வேப்பங்கொட்டை அளவில் ஒரு ப்ளூடூத் டாங்கிளைக் கொடுத்து, "பின்பக்கம் குத்தாதீங்க பிள்ளே, முன்பக்கம் குத்துங்க, அப்பதான் தூரம் எடுக்கும்," என்றார். கூடவே ஒரு ஹெட்செட்டும் வாங்கினாள், மயில் நீலத்தில்.

வைகாசி கடைசி. காற்று அப்போதுதான் கணவாயில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. கனி டாங்கிளை முன்பக்கம் குத்தினாள். அது கண்ணைச் சிமிட்டியது. கம்ப்யூட்டர் தனக்குத் தேவையானதைத் தானே ஏற்றிக்கொண்டு, மூலையில் நீலக்குறியைக் காட்டியது. புதிதாகச் சேர்ப்பதற்கான இடத்தில் அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, வெளியே காற்றாலைகள் சுற்றுகிற அதே நிதானத்தில் சுற்றியது. பிறகு ஒரு பெயர் வந்தது.

மரகதவல்லி.

கனி மதில் பக்கம் பார்த்தாள். அங்கே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். மறுபடி திரையைப் பார்த்தாள். பெயர் அங்கேயே இருந்தது. அழுத்தினாள். ஆறு எண்கள் தோன்றின. இதே எண்கள் அந்தப் பக்கமும் தெரிகின்றனவா, ஆம் என்றால் ஆம் என்று அழுத்தவும் என்றது கம்ப்யூட்டர்.

தையல் மெஷின் நின்றது. "ஏட்டி கனி," என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மரகதவல்லி சத்தம் கொடுத்தாள், "எனக்கு மண்டைக்குள்ள ஏதோ நம்பரு ஓடுது. எட்டு, ரெண்டு, ரெண்டு, ஒம்பதுன்னு. யாருக்க போன் நம்பருட்டி இது?"

திரையிலும் அதுதான். ஆம் என்று அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கனி சந்தோஷமான எதையும் யாரும் பார்க்காத இடத்தில் வைத்துச் செய்து பழகியவள். மிட்டாய் தின்றால்கூடக் கதவுக்குப் பின்னால் போய் நின்று தின்பாள். அன்றைக்கும் தெருவில் யாராவது எட்டிப் பார்த்துவிடப் போகிறார்களே என்று எழுந்து, தலைவாசல் கதவைத் தாழிடப் போனாள். அந்தத் தாழ்ப்பாள் காற்றில் இறுகிப்போயிருந்தது. அதோடு அவள் மல்லுக்கட்டிய நேரத்தில் புறவாசல் வழியாக ஷைனி வந்தாள், கையில் ஒரு தட்டு நேந்திரங்காய் வற்றலோடு.

"கனியக்கா, வற்றல் கொண்டாந்தேன். ஆ, ப்ளூடூத் கிட்டிச்சா? எட்டு, ரெண்டு, ரெண்டு, ஒம்பது... மரகதம் அங்க இந்த நம்பரத்தானே சொல்லுகா? செரி, அப்போ ஆம்தான்," என்று சொல்லிக்கொண்டே மவுசைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

கனி திரும்பி வந்தபோது ஷைனி காதைத் தடவிக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மரகதவல்லி "எம்மோ, எனக்கு வற்றல் ருசி நாக்குல வருதே!" என்று கத்தினாள்; ஷைனியின் வாயில் வற்றல் இருந்தது.

கம்ப்யூட்டரின் முறை அதுதான் என்று பிறகு தெரிந்தது. திரையில் யாருடைய பெயரோ அவரும், மவுசில் யாருடைய கையோ அவரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் கேட்பது மற்றவர் காதில் விழும். ஒருவர் தின்பது மற்றவர் நாக்கில் இனிக்கும். நெஞ்சில் கனமாக இருப்பது எதுவோ அதுவும் கொஞ்ச நேரத்தில் அங்கே போய்ச் சேரும். சாதாரண நாளில் நாலு வீடு தூரம் எடுக்கும். காற்று வீசினால் சைட் ஆபீஸ் வரைக்கும், ஆடிக் காற்றென்றால் மலையடிவாரம் வரைக்கும்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் பம்புசெட் வந்தபோது எடுத்துக்கொண்ட விதம்தான். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் வரிசையில் நின்றார்கள், மூன்றாவது வாரம் கரண்டு போனால் கனியைத் திட்டினார்கள். செவ்வாய்க்கிழமை சேர்க்கக் கூடாது என்று கோவில் பூசாரி சொன்னார்; ஞாயிறு பூசை முடிகிற வரைக்கும் டாங்கிளைக் கழற்றி வைக்கும்படி பங்குச் சாமியார் சொன்னார்; கனி இரண்டையும் கேட்டுக்கொண்டாள். சேர வருகிறவர்கள் தலைக்குக் குளித்து, ஒரு சீப்புப் பழமும் வெற்றிலையும் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, ஒருவர் செய்தார், எல்லோரும் செய்தார்கள்.

காது கேளாத ஞானமுத்து நாடார் தன் மனைவி ரூத்தம்மாளோடு சேர்ந்தார். அவள் காது வழியாகப் பல வருஷத்துக்குப் பிறகு கோவில் மணியைக் கேட்டார், மழையைக் கேட்டார், தன்னைப் பற்றி அவள் அக்கம்பக்கத்தில் சொல்வதையும் கேட்டார். ரூத்தம்மாளோ அவருடைய காதின் அமைதி தனக்குள் வந்து இறங்க, காற்றாலை இரைச்சல் இல்லாமல் ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். தென்னந்தோப்பு வரப்புக்காகப் பேச்சை விட்டிருந்த அண்ணன் தம்பி இருவர் கூட்ட நெரிசலில் தவறிச் சேர்ந்துவிட்டு, இப்போதும் பேசுவதில்லை, ஆனால் ஒருவனுக்குப் பல்வலி என்றால் மற்றவன் கிராம்பு வாங்கப் போனான். டெய்லர் வேலாண்டி கண்ணாடி போடாமல் வந்து, மனைவி பெயரை அழுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே படுத்திருந்த சுடலைமாடன் கோவில் கடாவின் பெயரை அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சுவரொட்டியைக் கண்டால் வாய் ஊறியது. கடா வெட்டுகிற ஆவணிக் கொடை நெருங்க நெருங்க அவர் கத்தரிக்கோலைக் கண்டு நடுங்குவதைப் பார்த்த விழாக் கமிட்டி கூடிப் பேசி, அந்த வருஷம் மாடனுக்கு முட்டைப் படையல் போதும் என்று முடிவு செய்தது. மாடன் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை பேரையும் சேர்த்துவைத்தவள் கனி. பென்சில் முனையால் திரையைத் தொட்டுக் காட்டி, "இதுல வச்சு அமுக்குங்க," என்பாள். மவுசை மட்டும் தொட மாட்டாள். அவள் யாரோடு சேர வேண்டுமோ அந்தப் பெயர் ஏற்கெனவே இன்னொரு பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மயில் நீல ஹெட்செட்டின் பெயர் கடைசிவரை கம்ப்யூட்டரில் வரவே இல்லை. ஆனாலும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டேதான் இருப்பாள், தன் காதில் ஒன்றுமே விழவில்லை என்பது வெளியே தெரியாதபடி.

பார்ப்பதற்கு மட்டும் அவளுக்கு நிறைய இருந்தது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் மரகதவல்லி திடீரென்று தனியாகச் சிரிப்பாள். அரை மைல் தள்ளி சைட் ஆபீசில் ஷைனியிடம் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். மீனே பிடிக்காதவள் இப்போது மரச்சீனியும் மத்திக் குழம்பும் கேட்டாள். "சரி" என்று சொல்லி வந்தவள் "செரி" என்றாள். கனி ஒரு முழு மத்தியானம் அந்த ஒரு எழுத்தை நினைத்துக்கொண்டே ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து, மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டாள். இன்னும் இருவரும் மத்தியானம் கனி வீட்டுக்கு வரத்தான் செய்தார்கள், மூன்று பேருக்கும் டீ போடுவாள் கனி. ஒருத்தி குடித்தால் போதுமே என்று இருவரும் ஒரே டம்ளரைக் கேட்பார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு வாயிலும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்தது. மூன்றாவது டம்ளர் ஆறிப்போய்க் கிடக்கும்.

மீன்காரி மேரிப்புஷ்பம் வந்தது அப்படி ஒரு மத்தியானம்தான்.

"மக்ளே கனி, எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய. மூத்தவ திருப்பூர்ல இருந்து லீவுக்கு வந்திருக்கா, எளையவ இங்க. ரெண்டையும் என்கூட சேத்து விடு. ஒண்ண சேத்து ஒண்ண விட்டா நாளைக்கு எனக்குச் சோறு எறங்குமா?"

சேர்ந்துவிட்ட பெயர்களுக்குக் கீழே, திரையின் வலது ஓரத்தில், சின்னதாக ஒரு கூட்டல் குறி எப்போதும் தெரியும். இன்னொருவரையும் சேர்க்கலாம் என்பதற்கு. கனி அதைப் பார்த்தாள். பிறகு வாசல்படியில் ஒரே டம்ளரோடு உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள். மரகதவல்லியோடு ஷைனி, அவளோடு நானும் என்று மூன்றாவதாகப் போய் ஒட்டிக்கொள்வதா? அந்தக் கூட்டல் குறி அவளுக்குப் பிச்சைத் தட்டு போலத் தெரிந்தது.

"ஒருத்தருக்கு ஒருத்தர்தான் மைனி," என்றாள். "கம்ப்யூட்டர் அப்படித்தான்."

கனி அவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி ஊர் கேட்டதில்லை, அதனால் நம்பியது. மேரிப்புஷ்பம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, இளையவளைச் சேர்த்துக்கொண்டாள்; மூத்தவள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அவர்கள் போனதும் கனி தன் நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் அந்தக் கூட்டல் குறியின் மேல் ஒட்டினாள். அளவு சரியாக இருந்தது. திருஷ்டிக்கு ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்த ஊர், தங்கள் வீட்டு டி.வி.யிலும் அதே ஓரத்தில் ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒருத்தருக்கு ஒருத்தர் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அம்மாவா பெண்டாட்டியா என்று ஆண்கள் சாவடியில் நகம் கடித்தார்கள். பிள்ளைகள் இரண்டு இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தது. யாரோடும் சேராத ஆட்கள் என்று ஒரு தனிக் கூட்டம் உண்டாகி, டீக்கடையில் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சும் உண்டானது. கனி இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வருத்தமாக இருந்தது, ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், ஊர் முழுக்கத் தன்னைப் போல ஆகிவருவதில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது, அதை அவள் தொட்டுப் பார்க்காமல் விட்டுவைத்தாள்.

ஐப்பசியில் காற்று படுத்தது. ஒருநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் மரகதவல்லி பாடிக்கொண்டே தைத்தாள். அது கனியும் அவளும் வயர் காலத்தில் கேட்ட பாட்டு, அவர்கள் இருவருடைய பாட்டு. அதன் இரண்டாவது அடியை மாடியிலிருந்து ஷைனி எடுத்துக்கொடுத்தாள்.

கனி கம்ப்யூட்டரைப் போட்டாள். மரகதவல்லி, ஷைனி என்று சேர்ந்திருந்த இடத்துக்குப் போனாள். நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்தத் தடவை அவள் கதவைத் தாழிட எழுந்திருக்கவில்லை. மவுசைப் பிடித்தாள், ஆம் என்று அழுத்தினாள், பாட்டு நடுவில் நின்றது.

மத்தியானம் மரகதவல்லி தனியாக வந்தாள். ஒரு பக்கக் காதைக் கையால் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"காதுக்குள்ள தண்ணி போன மாதிரி இருக்குட்டி. ஷைனி அழுதுக்கிட்டே ஆபீசுக்குப் போயிருக்கா, பாவம். காத்து இல்லாததுனாலயா? சாயங்காலம் அவ வந்ததும் சேத்து வுடுவியா? இப்ப என் பேரு வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

"பாக்கேன்," என்றாள் கனி.

வட்டம் சுற்றியது. பெயர் வந்தது, ஒட்டாமல், தனியாக, வைகாசியில் வந்தது போலவே. கனியின் கை மவுசில் இருந்தது. அழுத்தினாள்.

"நம்பரு ஓடுது," என்றாள் மரகதவல்லி ஆச்சரியமாக. "ஏழு, ஏழு, ஒண்ணு... ஏட்டி, ஷைனி இன்னும் வரலயே, யாருக்க கூட..." என்று அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், "ஆம்," என்று வாய்விட்டுச் சொல்லி கனி அழுத்திவிட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கனியின் வலது காதில் ஒரு புல்லாங்குழல் கேட்டது.

அவர்களுடைய பாட்டுத்தான். ஆனால் கனி இத்தனை வருஷமும் இடது பக்கத்தை மட்டுமே கேட்டிருந்தாள். தபலாவும் குரலும் அந்தப் பக்கம் இருந்தன. குரலுக்குப் பின்னாலேயே, அது நிற்கிற இடத்தில் நின்று, நடக்கிற இடத்தில் நடந்து, ஒரு புல்லாங்குழல் பாட்டு முழுக்கக் கூட வந்திருக்கிறது, வலது பக்கத்தில், மரகதவல்லியின் காதில். அது மரகதவல்லிக்குள் அப்படியே இருந்தது. அதோடு சேர்ந்து சீயக்காய் வாசனை ஒன்றும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கனிக்கு விளங்கியது, அது தன்னுடைய தலையின் வாசனை.

அதே நேரத்தில் கனிக்குள் இருந்ததும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மரகதவல்லியின் முகத்தில் அதை அவளால் பார்க்க முடிந்தது. மூடாமல் வைத்த ஊறுகாய் ஜாடியின் புளிப்பு பட்டது போல உதடு கோணியது, கண் சுருங்கியது. வற்றல் தட்டு போயிற்று. ஆறிப்போன டீ டம்ளர்கள் போயின. 'செரி' போயிற்று. காலையில் அழுத்திய ஆம் போயிற்று. மேரிப்புஷ்பம் வாசலில் உட்கார்ந்து அழுததும், அப்போது கனியின் கண் போன இடமும் போயின. நிறுத்த வழியில்லை. ஒன்றையும் பேசாமலே சுயம்புக்கனி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் அதிகமாகப் பேசினாள்.

"இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா," என்றாள் மரகதவல்லி மெதுவாக, "எங்களுக்கு டீ போட்டுத் தந்த?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். மரகதவல்லி திரைப் பக்கம் திரும்பி, நகத்தால் நெம்பி, பொட்டைப் பிய்த்தாள். அடியில் கூட்டல் குறி பசைக் கறைக்கு நடுவே சின்னதாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பொட்டைக் கனியின் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள், தலை பின்னால் சாய்கிற அளவுக்கு. போய்விட்டாள். அவள் மதிலைச் சுற்றி நடந்த ஒவ்வொரு அடியும் கனியின் பாதத்தில் கேட்டது.

சாயங்காலம் ஷைனி வந்தாள். கனி தன் வீட்டு அடுக்களையில் அசையாமல் நின்று, மரகதவல்லியின் காது வழியாகக் கேட்டாள்.

"கனியக்கா என்ன சொன்னாங்கோ? எங்கயாம் கேடு?"

மரகதவல்லியின் நெஞ்சில் கோபம் தோசைக்கல் போலக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சூடு கனியின் விலாவில் சுட்டது. இதோ சொல்லப் போகிறாள், சொன்னால் ஷைனி ஊருக்கே சொல்வாள், ஊர் இந்த வாசலுக்கு வரும் என்று கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தக் குத்துற சாமானுக்குள்ள தூசி போயிட்டாம்," என்றாள் மரகதவல்லி. "நாளைக்குக் காலையில சரியாயிரும்னு சொன்னா. நீ போயி மூஞ்சியக் கழுவு."

ஷைனி படியேறுகிற சத்தம். அடுக்களைப் பக்கம் மரகதவல்லி நடக்கிற சத்தம். ஏதோ டப்பா திறந்தது. பிறகு, பக்கத்தில் யாருமில்லாத அடுக்களையில், அவள் பேசினாள்.

"கேக்குதுல்லா உனக்கு? நல்லாக் கேளு. விடிஞ்சதும் ஷைனிய உக்கார வச்சு, அந்தக் கூட்டல்ல அமுக்கி, மூணு பேரையும் ஒண்ணாச் சேக்க. பொறவு மேரிப்புஷ்பம் மைனிக்கு மூத்தவள வரச்சொல்லிச் சேத்துக் குடுக்க. ஊர்ல யாருக்கெல்லாம் ரெண்டாவது ஆள் உண்டோ அத்தன பேருக்கும் நீதான் செய்யுத. முடியாதுன்னு சொல்லாத, முடியும்னு உனக்குத் தெரியும். இப்ப இதத் தின்னு."

நறுக் என்று ஒரு சத்தம். கனியின் நாக்கில் தீப்பிடித்தது.

ஊசி மிளகாய், காம்போடு. தொண்டை, காது மடல், மூக்கு நுனி என்று ஒவ்வொரு இடமாக ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டாவது நறுக் கேட்டது. கனி தடுமாறிப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள், வாய்க்குக் கொண்டுபோனாள், அங்கேயே நிறுத்தினாள்.

குடித்தால் இரண்டு நாக்கும் ஆறிவிடும். விடிந்தால் ஷைனி வந்துவிடுவாள், அப்புறம் எதுவுமே மூன்றாகத்தான் இருக்கும். இனிப்பும் மூன்று, சிரிப்பும் மூன்று. இந்தக் காரம் ஒன்றுதான் இரண்டு பேருக்கு மட்டும் என்று வந்தது. இதில் ஷைனிக்குப் பங்கில்லை. கனி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மதிலோரமாக வந்து உட்கார்ந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்ஸ், ஸ்ஸ் என்று மூச்சிழுக்கிற சத்தம் காதிலும் கேட்டது, காதுக்குள்ளும் கேட்டது. அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. முதலில் குடிக்கிறவள் தோற்றவள்.

நெடுநேரம் கழித்து மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது, மூக்கு சிவந்து, கண் கலங்கி.

"குடிட்டி தண்ணிய, மூதி!"